மூன்றாவது ஒப்புட்டு

குன்னூர் ஓட்டுப்பட்டறையில் சிவகுருவைப் பற்றி விசாரித்துப் பாருங்கள், ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருப்பார்கள்.

"அவனா? திமிர் புடிச்சவன். எதுக்க வந்தாக்கூட மூஞ்சியப் பாக்க மாட்டான்" என்பார் பெட்டிக்கடைக்காரர். "பாவமுங்க, ஏதோ லவ்வு தோத்துப் போச்சாட்ட இருக்குது" என்று உச்சுக் கொட்டுவார் மாடி வீட்டு அம்மாள். தையற்கடையில் கேட்டால், "பாதி சாமியாருங்க அவன். டிசம்பர் மாசத்துலகூட ஸ்வெட்டர் போட மாட்டான்" என்பார்கள். அவனுடைய தங்கை ஜீவிதாவைக் கட்டிய நவநீதன் இருக்கிறானே, அவன் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு இவ்வளவு நீளமெல்லாம் வேண்டாம். "கஞ்சன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

இத்தனை பட்டம் வாங்கிய ஆளுக்கு வயது முப்பத்தாறு. தாத்தா காலத்தில் காரமடையிலிருந்து காய்கறி விற்க மலையேறி வந்த குடும்பம். அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார், இப்போது அவர் இல்லை. சிவகுரு தேயிலை ஃபேக்டரியில் டிரையர் ஓட்டுகிறான். அரைத்துப் புளிக்கவைத்த தூள் ஈரத்தோடு உள்ளே போய்க் கறுத்து, காய்ந்து, மணத்துக்கொண்டு வெளியே வரும் பெரிய இயந்திரம் அது. காலை முதல் ஒரே சுருதியில் இரையும். அந்த இரைச்சலில் அவனுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. கஷ்டமெல்லாம் சீசன் மாதத்தில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஹாரன் அடிக்கிற சுற்றுலா வண்டிகளால்தான். காதைப் பொத்திக்கொண்டு சுவரோரமாய் நின்றுவிடுவான். அதைப் பார்த்தவர்கள் தங்கள் பங்குக்கு இன்னொரு பட்டம் கொடுத்தார்கள், அதை இங்கே எழுத வேண்டாம்.

உண்மை என்னவென்றால், ஒருவர் முகத்தைப் பார்த்தால் அவர் பேசுவது அவன் மண்டையில் ஏறாது. பேசுவது ஏற வேண்டுமென்றால் முகத்தைப் பார்க்கக் கூடாது. இரண்டில் ஒன்றுதான் நடக்கும். அவன் பேச்சைக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டான். இதில் மரியாதைக் குறைச்சல் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். ஸ்வெட்டர் விஷயமும் அப்படித்தான். கம்பளி மேலே பட்டால் எறும்புப் புற்றில் படுத்தது போலிருக்கும். அதனால் அம்மா அருக்காணி ஃபிளானல் துணியில் உள்சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறார். உள்ளே கதகதப்பாய்த்தான் இருக்கிறான். வெளியே பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்?

கஞ்சன் பட்டம் மட்டும் அவனே சம்பாதித்தது. ஜீவிதாவின் கல்யாணப் பந்தியில் பொண்ணுக்கு அண்ணன் என்று அவன் கையில் பாயச வாளியைக் கொடுத்துவிட்டார்கள். நவநீதனின் பெரியப்பா, "போதும்ப்பா" என்றார். சிவகுரு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டான். அடுத்தவர் "போதும்" என்றார், அவரையும் தாண்டினான். இப்படியே ஒரு வரிசை முழுக்கப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, வாளி நிறையப் பாயசத்தோடு சமையற்கட்டுக்குத் திரும்பி, "எல்லாருக்கும் போதுமாம்" என்றான். பெரியப்பா இலையை மூடிவிட்டு எழுந்த வேகத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நம் ஊரில் முதல் "போதும்" என்பதற்கு "இன்னொரு தடவை கேளேன்" என்று பொருள் என்பது பாலோடு சேர்த்துப் புகட்டப்படும் சங்கதி. அவனுக்குப் புகட்டியது யார்? யாருக்கும் அப்படிப் புகட்ட வேண்டியிருக்கும் என்றே தோன்றவில்லை.

இதில் வேடிக்கை, அவன் சொல்லும் "போதும்" மட்டும் யாருக்கும் கேட்டதில்லை. தினம் காலையில் இரண்டு தோசை தின்றுவிட்டுப் போதும் என்பான். மூன்றாவது வந்து விழும். அதையும் தின்பான். முப்பத்தாறு வருஷத்து மூன்றாவது தோசைகள்!

ஹாரனுக்கெல்லாம் காதைப் பொத்துகிறானே என்று காதுக்குப் பார்க்கத்தான் அம்மாவும் பிள்ளையும் கோயமுத்தூருக்குப் போனார்கள். காது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, காதில் ஒன்றுமில்லை, மாடியில் இருக்கும் டாக்டரம்மாவைப் பாருங்கள் என்று அனுப்பினார். அந்த அம்மாள் ஊசியும் போடவில்லை, மருந்தும் எழுதவில்லை. அடுத்தடுத்து வரச்சொல்லி இருவரிடமும் பேசினார். சின்ன வயதில் எப்போது பேச ஆரம்பித்தான், என்ன விளையாடினான், எந்தத் துணிக்கு அழுதான் என்றெல்லாம் கேட்டார். கடைசியில் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் என்றார்.

அருக்காணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது கொழந்தைங்களுக்கு வர்றதில்லீங்களா டாக்டரம்மா? இவனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கிறோமுங்க!"

"கொழந்தையா இருக்கும்போதே இருந்ததும்மா. பேரு தெரியல, அவ்வளவுதான்."

"அப்ப மருந்து?"

"இது சீக்கு இல்லையேம்மா, மருந்து குடுக்கறதுக்கு."

கீழே வந்து பஸ் ஏறியதும் அருக்காணி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவகுருவோ மேட்டுப்பாளையம் தாண்டும் முன்பே தூங்கிப்போனான். கொண்டை ஊசி வளைவுகளில் அவன் தூங்கியதாகச் சரித்திரமே இல்லை. அன்றைக்கு பர்லியாறு வந்ததும் தெரியாது, காட்டேரி போனதும் தெரியாது. இடது கால் செருப்பை வலது காலில் போட்டு இத்தனை வருஷம் நடந்தவனிடம், "தம்பி, கால்ல கோளாறு இல்லை, செருப்புத்தான் மாறியிருக்கு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவனுக்கு. சந்தோஷமாகவே இருந்தான்.

சந்தோஷத்தை உடனே ஃபேக்டரியில் போய்ச் சொன்னான் பாருங்கள், அங்கேதான் பிடித்தது வினை.

சூப்பர்வைசர் பிராங்ளின் நல்ல மனுஷன். மறுநாளிலிருந்து சிவகுருவிடம் ஒவ்வொரு சொல்லாய்ப் பிரித்து, கத்திப் பேச ஆரம்பித்தார். "சிவா… சாப்… டாச்சா?" சிவகுரு சுற்றும் முற்றும் பார்த்தான், வேறு யாரோ காது கேளாத சிவா வந்திருக்கிறார் போல என்று. அதோடு விட்டாரா? மெஷின் பக்கம் வேண்டாம் என்று அவனை டிரையரிலிருந்து எடுத்துச் சாக்குத் தைக்கும் இடத்தில் உட்காரவைத்தார். சாயங்காலம், தூளைத் தரம் பிரிக்கிற சார்ட்டிங் பகுதிப் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆட்டிசம் என்றால் கணக்கில் புலி என்று ஏதோ சினிமாவில் பார்த்திருக்கிறார்கள்.

"அண்ணா, எழுபத்தேழாம் வருஷம் ஆகஸ்ட் ஒம்பது என்ன கெழமை?"

"தெரியாது. போன்ல பாருங்க."

"நாப்பத்தேழ அறுபத்துமூணால பெருக்குனா?"

"அதுவும் போன்லயே வரும்."

பையன்களுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "ஏண்ணா, அப்ப உங்களுக்குச் சும்மா ஆட்டிசம்தானா?" என்று கேட்டுவிட்டுக் கலைந்து போனார்கள்.

சிவகுரு நேராகப் பிராங்ளினிடம் போனான். "நேத்து வரைக்கும் நானுதானுங்க டிரையர் ஓட்டுனேன். இன்னிக்கு என்னங்க மாறிச்சு? கோயமுத்தூர்ல ஒருத்தங்க ஒரு பேரு சொன்னாங்க. அவ்வளவுதானுங்க." பிராங்ளின் தலையைச் சொறிந்தார். மறுநாள் டிரையரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கத்திப் பேசுவதைத்தான் இன்றுவரை விடவில்லை. அக்கறையாம்.

வீட்டிலோ வேறு மாதிரி. நவநீதன் கதவைச் சாத்திவிட்டுக் கூட்டம் போட்டான். நிலம், வீடு, வரன் எதுவானாலும் பேசி முடித்துவைக்கிற வாய் அவனுக்கு. "ஃபேக்டரில சொன்னது அங்கயே நிக்கட்டும். இனி இதைப் பத்தி ஆரும் வெளிய மூச்சு விடக் கூடாது. கல்யாணம் ஆனா எல்லாம் தானா சரியாப் போயிரும்" என்றான்.

"எது சரியாப் போயிரும் மாப்ளே?" என்று கேட்டான் சிவகுரு.

"அதான் மச்சான்… அது."

"டாக்டரம்மா போகாதுன்னாங்களே?"

நவநீதன் அருக்காணியைப் பார்த்தான். அருக்காணி முகட்டைப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் ரேகாவின் ஜாதகம் வந்தது. கேத்தியில் காளான் பண்ணையில் வேலை. திருப்பூரில் ஒரு கல்யாணம் ஆகி, ஒத்துவராமல், கோர்ட்டு வரை போய் முடிந்துவிட்டது. அம்மா இல்லை. மலைப் பாதையில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன அப்பா மாரிச்சாமியோடு இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது அத்தை ராஜகுமாரி, மாரிச்சாமியின் அக்கா.

பெண் பார்க்கப் போகும்போது அம்மா, "மூஞ்சியப் பாக்க முடியாட்டி புருவத்தைப் பாரு கண்ணு, ஆருக்கும் வித்தியாசம் தெரியாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சிவகுரு அந்தப் புருவத்தை மனப்பாடம் செய்கிற மாதிரிப் பார்த்தான். தனியாகப் பேசச் சொல்லி இருவரையும் விட்டபோது, மற்ற பெண்களைப் போல "உங்க ஹாபி என்னங்க?" என்று ரேகா கேட்கவில்லை. காளான் அறை எப்படி இருக்கும் என்று சொன்னாள். இருட்டு, குளிர்ச்சி, சத்தமே இருக்காது, உள்ளே போனால் வெளியே வர மனசு வராது என்றாள். "நான் ஒருக்கா வந்து பாக்கலாமுங்களா?" என்று கேட்டான். "எப்ப வேணா வாங்க" என்றாள். சிவகுருவுக்கு இந்தப் பதிலில் எப்போதும் சந்தேகம் வரும். "எப்ப வேணான்னா எப்பங்க?" என்றான். அவள் சிரிக்காமல் யோசித்து, "ஞாயித்துக்கெழம காலைல, கேசிங் போடாத நாள்ல" என்றாள். கேசிங் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு கேள்விக்கு முழுப் பதில் கிடைத்த சுகம் இருக்கிறதே!

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னான்: "எனக்கு ரேகாவைப் புடிச்சிருக்குது."

அதற்கு முன்னால் பார்த்த வரன்கள் எல்லாம் இவனுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இவனாக வாய் திறந்து பிடித்திருக்கிறது என்று சொன்னது இதுதான் முதல். அருக்காணி மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். ஆனால் டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்து பயமும் பிடித்துக்கொண்டது. சிவகுருவுக்கும் அதேதான் உறுத்தியது. "நான் அவிங்ககிட்ட சொல்லோணும்" என்றான்.

நவநீதன் பதறிப்போனான். "ஆரும் கேக்காம அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது மச்சான். இத ஒண்ணு மட்டும் எனக்காகப் பண்ணுங்க."

"சரி. கேட்டா?"

"ஆரு கேக்கப் போறாங்க?"

சிவகுரு ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டால் காப்பாற்றுவான். அது நவநீதனுக்கும் தெரியும், அதனால் நிம்மதியாகத் தூங்கினான்.

அடுத்தது மாப்பிள்ளை வீடு பார்க்கும் படலம். மாரிச்சாமி, ராஜகுமாரி இருவரோடு தானும் வருவதாக ரேகா சொல்லியனுப்பினாள். போன தடவை வீட்டைப் பார்க்காமல் கழுத்தை நீட்டியாயிற்று, இந்தத் தடவை நானே பார்க்கிறேன் என்றாளாம். மதியம் விருந்து. மாப்பிள்ளைக்குத் திமிர் என்று யாராவது ஊதிவிட்டிருந்தால் என்ன செய்வது? நவநீதன் ஒரு யோசனை சொன்னான்: மாப்பிள்ளை தன் கையாலேயே பரிமாறட்டும். பணிவு பணிவாகவும் இருக்கும், பேச்சும் குறையும்.

பாயச வாளியை மறக்காத அருக்காணி, பிள்ளையை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"ஊட்டுக்கு வந்த ஒறம்பரை போதும்னு சொன்னா நிறுத்தாத சாமி. மூணு தடவை போதும்னு சொன்னாத்தான் போதும்னு அர்த்தம்."

"அப்ப மொதத் தடவை எதுக்குச் சொல்றாங்க?"

"மரியாதைக்கு."

"ரெண்டாவது?"

"அதுவும் மரியாதைக்குத்தான். கம்முனு சொன்னதச் செய்யி."

ஞாயிற்றுக்கிழமை. தலைவாழை இலை. ஒப்புட்டு, அதுதான் பருப்புப் போளி, சுடச்சுட, மேலே நெய். சிவகுரு ஃபிளானல் உள்சட்டைக்கு மேலே புதுச் சட்டை போட்டுக்கொண்டு தட்டும் கையுமாக நின்றான். முதலில் மாரிச்சாமி. ஒன்று வைத்தான். தின்றுவிட்டு, "போதுங்க தம்பி" என்றார். ஒன்று என்று மனதில் குறித்துக்கொண்டு இன்னொன்று வைத்தான். "அட, போதும் போதும்" என்றார் மாரிச்சாமி. சிவகுரு திகைத்து நின்றான். ஒரே மூச்சில் இரண்டு போதும் சொன்னால் அது ஒன்றா, இரண்டா? இதை அம்மா சொல்லிக் கொடுக்கவில்லையே! எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று வைத்தான். மாரிச்சாமி பாவமாய்ப் பார்த்தார். ராஜகுமாரி அத்தைக்கு மட்டும் முகமெல்லாம் பூரிப்பு. "நல்லாக் கவனிக்கிறாரே மாப்பிள்ளை" என்றார். உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த நவநீதன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

அடுத்து ரேகா. இரண்டு தின்றாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு சிவகுரு குனிந்தபோது, "போதுங்க" என்று இலைக்கு மேலே கையை விரித்து வைத்தாள்.

கணக்குப்படி இது முதல் போதும்தான். அவன் கொஞ்சம் தயங்கினான். அதற்குள் அத்தை, "அவ அப்பிடித்தான் சொல்லுவா, கூச்சம். நீங்க வைங்க தம்பி" என்று ரேகாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கையை இலையைவிட்டு நகர்த்தினார். அத்தை கையை எடுத்ததும் ரேகாவின் கை திரும்ப இலைக்கு மேலேயே வந்தது. அத்தை மறுபடி பிடித்தார்.

சிவகுரு ஒப்புட்டைத் தட்டில் திருப்பி வைத்தான்.

"வை கண்ணு" என்று அருக்காணி பின்னாலிருந்து குசுகுசுத்தார். "ஒருக்காத்தான சொல்லியிருக்குது."

"கையை வெச்சு மறைக்கறாங்கம்மா. அது மூணுக்கும் சேத்தி."

ராஜகுமாரி அத்தைக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இதென்ன அநியாயமா இருக்குது? என்ற மருமகளுக்கு ஒரு ஒப்புட்டு வெக்க இத்தனை யோசனையா?"

"மச்சானுக்கு வெளையாட்டு ஜாஸ்திங்க" என்று சிரித்துக்கொண்டே ஓடிவந்தான் நவநீதன்.

"வெளையாட்டு இல்லைங்க. அவங்க போதும்னு சொல்லிட்டாங்க" என்றான் சிவகுரு.

"ஏந்தம்பி, உங்களுக்கு என்னதானுங்க பிரச்சினை?" என்று கேட்டார் அத்தை.

கேட்டுவிட்டார்கள்! நவநீதன் கண்ணால் கெஞ்சினான், தலையால் கெஞ்சினான். கண்ணும் தலையும் பேசுவதையெல்லாம் புரிந்துகொள்கிற ஆளா சிவகுரு? தட்டைக் கீழே வைத்தான். "எனக்கு ஆட்டிசம்ங்க. கோயமுத்தூர் டாக்டரம்மா சொன்னாங்க. ஒருத்தர் வாயில சொல்றது எனக்குக் கேக்கும். உள்ள வேற ஒண்ண நெனச்சுட்டுச் சொன்னா எனக்குத் தெரியாதுங்க."

நெய் வாசம் மட்டும் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது சின்னப் பசங்களுக்கு வர்றதில்ல?" என்றார் மாரிச்சாமி.

"சின்னப் பசங்க வளருவாங்கல்லீங்களா?"

"நாளைக்குக் கொழந்தை குட்டின்னு ஆச்சுன்னா? அதுக்கும் வருமா?" இது அத்தை.

"வரலாமுன்னாங்க. வராமயும் போலாமுன்னாங்க."

மாரிச்சாமி நவநீதன் பக்கம் திரும்பினார். "இத மொதல்லயே சொல்லியிருக்கோணுமா வேண்டாமா? முப்பது வருஷம் இந்த மலையில பஸ் ஓட்டியிருக்கிறேன். முன்னாடி என்ன வளைவுன்னு போர்டு வெச்சுட்டா எப்படியும் ஓட்டிரலாம். போர்ட மறைச்சு வெக்கறதுதான் தப்பு." எதையும் பேசி முடிக்கிற நவநீதன் ரசம் எடுக்க உள்ளே ஓடினான்.

ரசம், மோர் எல்லாம் அவசரமாய் முடிந்தன. கிளம்பும்போது மாரிச்சாமி செருப்பைத் தேடிக்கொண்டே, "ஊட்டுக்குப் போயிட்டு போன் பண்றோமுங்க" என்றார். அதோடு சரி.

அவர்கள் தலை மறைந்ததும் அருக்காணி சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதார். நவநீதன், "ஊர்ல இருக்கற அத்தனை பேரும் ஒண்ணொண்ண மறைச்சுத்தான் கட்டறாங்க, இவருக்கு மட்டும் என்னவாம்" என்று சுவரிடம் சொன்னான். சிவகுரு போனைச் சார்ஜில் போட்டு, பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

திங்கள்கிழமை வேலைக்குப் போகும்போதும் சட்டைப் பையில் போன். டிரையர் சத்தத்தில் கேட்காது என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தான். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை ஜீவிதாவுக்கு மனசு பொறுக்கவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, அவிங்க பண்ண மாட்டாங்க" என்றாள்.

"பண்றோம்னு சொன்னாங்களே."

"அது சும்மா சொல்றதுண்ணா. வேண்டாமுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம அப்பிடிச் சொல்லுவாங்க."

சிவகுரு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தான். சிரிக்கிறவர்களைப் பற்றியோ பட்டம் கொடுக்கிறவர்களைப் பற்றியோ அவன் பெரிதாக வருத்தப்பட்டதில்லை. ஆனால் வேண்டாம் என்பதை மூன்று நாள் கழித்து வேறொருவர் வந்து விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறதே! அன்று இரவு ஒரே தோசையோடு எழுந்துவிட்டான். அம்மா இரண்டாவதை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

வியாழக்கிழமை, டீ இடைவேளை. போன் அடித்தது.

"நான் ரேகா பேசறேங்க."

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"போன் பண்றோம்னு சொல்லீட்டு வந்தோமில்லீங்களா, அதான் பண்றேன். அப்பாவும் அத்தையும் இன்னும் சண்டை போட்டு முடிக்கல. அதுக்காக எத்தனை நாள் சும்மா இருக்கறது? சனிக்கிழம சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சதும் மார்க்கெட் பக்கத்துல பேக்கரிக்கு வர்றீங்களா? ஓரமா, சத்தமில்லாத மேசையாப் பாத்து உக்காரலாம்."

பிராங்ளின் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "சிவா… நல்ல… சேதியா?" என்று கத்தினார். இந்தத் தடவை சிவகுருவும் ஃபேக்டரி முழுக்கக் கேட்கிற மாதிரி, "தெரியலைங்க!" என்று கத்தினான்.

சனிக்கிழமை பேக்கரியில் கடைசி மேசை. இரண்டு டீ, ஒரு தட்டு வர்க்கி. மடித்து மடித்துச் சுட்ட, தொட்டால் உதிர்கிற ஊட்டி வர்க்கி. ரேகா வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு என்ற புருவத்துல என்னங்க இருந்துச்சு? ஊட்டுக்குப் போயிக் கண்ணாடில பாத்தேன், ஒண்ணையுங் காணோம்."

"மூஞ்சியப் பாத்தா நீங்க பேசறது கேக்காதுங்க. அம்மா புருவத்தைப் பாக்கச் சொன்னாங்க."

"இனிமே டீ டம்ளரயே பாருங்க. எனக்கொண்ணும் இல்லை."

சிவகுரு நிம்மதியாக டம்ளரைப் பார்த்தான். அப்புறம்தான் பேச்சு வந்தது. டிரையரைப் பற்றி, ஹாரனைப் பற்றி, கம்பளியைப் பற்றி, பாயச வாளியைப் பற்றி. பையன்கள் பெருக்கல் கேட்ட கதையைச் சொன்னபோது ரேகா, "அப்ப கணக்கு?" என்றாள். "பத்தாவதுல முப்பத்தாறு மார்க்குங்க" என்றான். அவள் டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

"நான் கோவமா இருந்தா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நீங்க சொல்லோணும்."

"சொன்னா?"

"ஏன்னு கேப்பேன். புரியற வரைக்கும் கேப்பேன். அது உங்களுக்குச் சலிப்பா இருக்கும்."

ரேகா வர்க்கித் துகள்களை விரலால் ஒன்று சேர்த்தாள். "என்ற மொத மாப்பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்லைன்னு ஊரே சொல்லுச்சுங்க. எல்லாருகிட்டயும் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாரு. அந்த ஊட்ல நான் வேண்டாமுன்னா வெக்கப்படறான்னு சிரிப்பாங்க. போதும்னா, பழகிரும்னு சொல்லுவாங்க. கடைசில கோர்ட்ல ஜட்ஜ் கேட்டப்பத்தான் நான் சொன்னது ஒரு மனுசன் காதுல விழுந்துச்சு." டீயை ஒரு வாய் குடித்தாள். "அன்னிக்கு எங்கத்தை கையப் புடிச்சு இழுக்கறாங்க, உங்கம்மா வைங்கறாங்க, எல்லாரும் வை வைங்கறாங்க. நீங்க ஒருத்தருதான் வெக்கல."

சிவகுரு யோசித்தான். "உங்கப்பாவுக்கு வெச்சேனுங்களே. மூணு."

"அதையேதான் அவரும் கேக்கறாரு! அவருக்குச் சுகருங்க. போதும் போதும்னு கத்துனேன், என்னைய மட்டும் கொல்லப் பாத்தாருன்னு ஒரே பொலம்பல்."

"அது எங்கம்மா சொல்லிக் குடுத்த ரூலுங்க. மூணு தடவை சொன்னாத்தான் நிறுத்தோணும்னு."

"இனிமே அந்த ரூலு வேண்டாம்."

"சரிங்க." அவன் டம்ளரைச் சுற்றினான். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் நாலு நாள் போனைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிவரும். "உங்கத்தை கொழந்தையப் பத்திக் கேட்டாங்களே…"

"வந்தா உங்களாட்ட இருக்கும். வராட்டி என்னையாட்ட இருக்கும். ரெண்டுல எதுவும் கெட்டுப் போயிடலையே?"

"அப்ப… எனக்கு நேரா சொல்லிருங்க. சரியா, இல்லையா?"

"சரிங்க."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். அத்தை ரெண்டு மாசம் பேச மாட்டாங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். போர்டு வெச்சாச்சில்ல, அவரு ஓட்டிருவாரு."

சிவகுரு அதை மனதுக்குள் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தான். வேறு எந்த அர்த்தமும் வரவில்லை. முகமெல்லாம் சூடாகி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் முகத்தையே நேராகப் பார்த்துவிட்டான். அந்தக் கணத்தில் அவள் ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை.

"என்னங்க சொன்னீங்க?"

"எனக்கு இன்னொரு டீ வேணும்னு சொன்னேன்."

ஒரு டீ சொன்னான். தட்டில் ஒரே ஒரு வர்க்கி மீதி இருந்தது. ரேகா தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"போதுங்க" என்றான் சிவகுரு.

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், அடுத்ததற்குக் காத்திருந்தான். அட, ஒண்ணுதான, சாப்பிடுங்க, என்ன கூச்சம் என்று வருமே, அதற்கு. வரவில்லை. நிமிர்ந்து பார்த்தான். ரேகா தட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த வர்க்கியைப் புது டீயில் நனைத்துத் தின்ன ஆரம்பித்திருந்தாள்.